ஒல்லியாய்ச் சாய்ந்த எழுத்து

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர்

சென்ற விளையாட்டு விழாவன்று நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஓட்டப் பந்தயத்தில் இடறி விழுந்தாள். முழங்காலில் நல்ல அடி, இரத்தம் வழிந்தது. பார்வையாளர் வரிசையில் இருந்த அவளுடைய அப்பத்தா, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு முதலுதவி அறையைத் தேடி நடந்தார். எங்கள் வகுப்பு எழுதி மாட்டியிருந்த பலகையின் கீழே ஒரு முறை கடந்து போனார். திரும்பி வந்து மறுமுறையும் கடந்து போனார். மூன்றாம் முறை, அப்பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்த எங்களிடமே வந்து, “ஏனுங் கண்ணு, மருந்து போடற எடம் எங்கீங்க?” என்று கேட்டார்.

நாங்கள் சற்றுப் பெருமையோடுதான் பலகையைக் காட்டினோம். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “அது எழுத்துங்களா? கோலம்னு நெனச்சேன்” என்றார். பாவம், அச்சிறுமியின் வெள்ளைக் காலுறை அதற்குள் சிவந்துவிட்டது.

அந்த அப்பத்தா எழுத்தறியாதவர் அல்லர். தினமும் காலையில் செய்தித்தாளை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்து முடிப்பவர் என்று பேத்தியே பின்னர் எங்களிடம் கூறினாள். ஆகவே குற்றம் அவர் கண்ணில் இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, அளவுகோலும் தூரிகையுமாக நாங்கள் தீட்டிய எழுத்தில்தான் இருந்தது. “இளையோர் செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பிரிவு” என்ற முழு வாசகத்தையும் குறுகலான ஒரு பலகையில் ஒரே வரியில் அடக்க வேண்டி, ஒவ்வோர் எழுத்தையும் ஒல்லியாக்கி, உயரமாக்கி, வலப்பக்கம் சாய்த்து எழுதியிருந்தோம். பந்தயக் கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் பார்த்த அழகு அது. ஓவிய ஆசிரியை, “இந்த எழுத்து எங்கே பிறந்தது, எதற்குப் பிறந்தது என்று தெரிந்துகொண்டு அடுத்த பலகை எழுதுங்கள்” என்றார்கள். தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் இவ்வெழுத்தின் உருவத்தைச் சொல்லிவிடுவோம். இதில் மூன்று குணங்கள் ஒன்றாய்ச் சேர்ந்துள்ளன. முதலாவது, இது தலைப்பெழுத்து. கதையையோ பாடத்தையோ பக்கம் பக்கமாக அச்சிடுவதற்காக ஏற்பட்டதன்று. இரண்டு மூன்று சொற்களைத் தொலைவிலிருந்தே கண்ணில் படச் செய்வதற்காக ஏற்பட்டது. இரண்டாவது, ஒடுக்கம். உயரம் குறையாமல் அகலம் மட்டும் குறைந்திருக்கும். சாதாரண எழுத்தின் அகலத்தில் முக்கால் பங்கோ, அதற்கும் குறைவோ இருக்கும். மூன்றாவது, சாய்வு. நிற்கும் கோடுகள் எல்லாம் பெரும்பாலும் எட்டுப் பாகை முதல் பதினைந்து பாகை வரை வலப்பக்கம் சாய்ந்திருக்கும். மழைக்காற்றில் சாய்ந்த கரும்புத் தோட்டம்போல என்று எங்களுள் ஒருத்தி சொன்னாள். அவள் ஊர் கோபிப் பக்கம்.

சாய்வெழுத்துக்கு ‘இத்தாலிக்’ என்ற பெயர் இருப்பதை யாவரும் அறிவர். அது இத்தாலி நாட்டில் பிறந்தது. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுசியஸ் என்ற அச்சகத்தார் இருந்தார். அவருக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற கைவினைஞர் அக்காலத்துப் படித்தவர்களின் விரைவான கையெழுத்தைப் பார்த்து இவ்வெழுத்தைச் செதுக்கினார். 1501ல் கவி வர்ஜிலின் நூல் முழுவதையும் இவ்வெழுத்திலேயே ஆல்டஸ் அச்சிட்டார். கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறிய புத்தகம் அது. ஆனால் அதற்கும் ஓராண்டு முன்பே, 1500ல், அவர் வெளியிட்ட ஒரு நூலின் படத்தில் இவ்வெழுத்து சில சொற்களில் மட்டும் தலைகாட்டிவிட்டது. அது எந்த நூல் தெரியுமா? சியன்னா நகரத்துப் புனித கத்தரீனம்மாளின் கடிதங்கள்! இதைக் கேட்டதும் எங்கள் சிஸ்டர், “பார்த்தீர்களா, ஒரு பெண்ணின் கடிதத்தில்தான் பிறந்திருக்கிறது” என்று மகிழ்ந்துபோனார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாளில் சாய்வெழுத்து அழுத்திச் சொல்வதற்காகவோ அலங்காரத்துக்காகவோ ஏற்பட்டதன்று. நூல் முழுவதுமே அப்படித்தான் இருந்தது. நேர் எழுத்துக்கு நடுவே ஓரிரு சொற்களை மட்டும் சாய்த்துக் காட்டும் வழக்கம் பிறகு வந்தது.

ஒடுக்க எழுத்தின் கதை வேறு. அது புத்தகத்தில் பிறக்கவில்லை. சுவரில் பிறந்தது என்றே சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வியாபாரம் பெருகி, விளம்பரச் சுவரொட்டிகள் பெருகின. ஒவ்வொருவரும் தம் சொல்லே பெரிதாகத் தெரிய வேண்டும் என்று விரும்பினர். காகிதத்தின் அகலமோ மாறாது. அகலம் மாறாமல் எழுத்தை உயரமாக்கினால் எழுத்து ஒல்லியாகத்தானே வேண்டும்? அவ்வளவு பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் தூக்க முடியாத கனம். எனவே மரத்தில் செய்தனர். 1827ல் நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் என்பவர் மர எழுத்துகளை இயந்திரத்தால் வெட்டும் முறையைக் கண்டபின், சுவரெல்லாம் ஒல்லி எழுத்தும் குண்டு எழுத்தும் நிரம்பிவிட்டன.

நம் ஊருக்கும் இந்த அலை வராமல் இல்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1914ல் வெரைட்டி ஹால் என்ற திரையரங்கைக் கட்டினார். பிற்காலத்தில் அது டிலைட் என்று பெயர் மாறியது. வீதி மட்டும் இன்றும் வெரைட்டி ஹால் ரோடுதான். சினிமா வந்த ஊருக்குச் சுவரொட்டியும் வந்தே தீரும்; சுவரொட்டி வந்தால் ஒடுக்க எழுத்தும் வந்தே தீரும்.

தமிழ் அச்சின் கதையிலும் இடப் பஞ்சம் உண்டு என்பதைப் படித்து வியந்தோம். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் ‘தம்பிரான் வணக்கம்’. இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார் 1578ல் கொல்லத்தில் வெளியிட்டது. பதினாறே பக்கங்கள். பின்னர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சகம் வைத்தபோது, ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரிலிருந்து 1713ல் தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை. ஒரு பக்கத்தில் சில வரிகளே அடங்கின. காகிதமோ கப்பலில் வர வேண்டும். ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். ஈயத்துக்கு என்ன செய்தார்கள் என்றால், பாலாடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈயத்தை உருக்கினார்கள் என்று சொல்கிறார்கள். 1715ல் வெளிவந்த புதிய ஏற்பாடு அச்சிறு எழுத்தில் ஆனதே. இடம் போதாதபோது அவர்கள் எழுத்தைச் சிறிதாக்கினார்கள், நாங்கள் ஒல்லியாக்கினோம். அவர்கள் செய்தது படிக்கும்படி இருந்தது!

இனி எங்களுக்கு உண்மையில் பாடம் நடத்தியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தோழி ஒருத்தியின் அப்புச்சி, இளமையில் நகரத்து அச்சகம் ஒன்றில் அச்சுக்கோப்பவராக வேலை பார்த்தவர். அந்த அச்சகம் இன்று இல்லை. அவரிடம் ஒரு கோர்க்கும் ஸ்டிக்கும், தீப்பெட்டி நிறைய ஈய எழுத்துகளும் மட்டும் மிச்சம். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். எங்கள் பலகையின் படத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. “இங்கிலீசுக்கு ஒடம்பு கம்பு, நம்ம எழுத்துக்கு ஒடம்பு சுழி. கம்பை நெருக்கி நிறுத்தலாமுங் அம்மிணி. சுழியை நெருக்குனா மூச்சு முட்டும்” என்றார்.

அதை அவர் விளக்கிய விதம் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு தாளில் ‘ண’ எழுதச் சொன்னார். அதன் பாதி அகலத்தில் மீண்டும் எழுதச் சொன்னார். அதிலும் பாதியில் மீண்டும். மூன்றாவதில் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதன் அருகில் அதே அளவில் ‘ன’ எழுதச் சொன்னார். தாளை இரண்டு கை தள்ளிப் பிடித்தால் எது எது என்று எங்களுக்கே தெரியவில்லை. அச்சு மையோ காகிதத்தில் சற்றுப் பரவும். சுழியின் உள்ளே இருக்கும் வெள்ளை அடைபட்டுவிடும். திருமண அழைப்பிதழில் மணமக்கள் பெயரும் பட்டங்களும் நீளமாக இருந்தால் ஒல்லி எழுத்தைத் தேடுவார்களாம். அப்போதெல்லாம் ‘திருமணம்’ என்ற சொல்லை மட்டும் அகன்ற எழுத்தில் கோர்த்துவிடுவாராம். “அது திருமனம் ஆயிட்டா, பொண்ணு வீட்டுக்காரரு எங்கிட்டத்தானுங்களே வருவாரு?”

சாய்வில் இன்னொரு சங்கடம். ஈய எழுத்து என்பது ஒரு சதுரத் தூணின் தலையில் அமர்ந்திருக்கும் உருவம். தூண் நேராக நிற்கிறது, எழுத்தோ சாய்ந்திருக்கிறது. ஆகவே எழுத்தின் நெற்றி தூணுக்கு வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து எழுத்தின் தோளில் தலை வைக்கும். அவ்வாறு நீட்டிய முனை அழுத்தம் தாங்காமல் ஒடிந்து போவது உண்டு. இதில் நம் மெய்யெழுத்தின் புள்ளியை எண்ணிப் பாருங்கள். எழுத்து சாயும்போது புள்ளியும் அதே சாய்வில் வலப்பக்கம் நகர வேண்டும். நேர் மேலே வைத்தால் முந்தைய எழுத்துக்கு உரியதுபோல் தோன்றும். அதிகம் நகர்த்தினால் அடுத்த எழுத்து மெய்யாகிவிடும். எங்கள் பலகையில் ‘செஞ்சிலுவைச்’ என்ற சொல்லில் இரண்டு புள்ளிகளும் இடம் மாறியிருந்ததை அன்றுதான் கண்டோம். எழுதிய எங்களுக்கே தெரியாத பிழை அது!

ஆங்கில இத்தாலிக் எழுத்தில் சில எழுத்துகள் உருவமே மாறிவிடும். சிறிய ‘ஏ’ என்ற எழுத்து நேராக நிற்கும்போது ஓர் உருவம், சாயும்போது கையெழுத்தில் வருவதுபோல் வேறோர் உருவம். தமிழில் நாம் பெரும்பாலும் நேர் எழுத்தையே பிடித்துச் சாய்த்துவிடுகிறோம். சாய்வதற்கென்று வளர்ந்த எழுத்தும், சாய்த்துத் தள்ளிய எழுத்தும் ஒன்றாகுமா?

இத்தனை குறை சொல்லிவிட்டதால் இவ்வெழுத்தே வேண்டாத ஒன்று என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கொங்கு நாட்டில் இதற்கு மற்ற ஊர்களைவிட அதிக வேலை உண்டு என்பது எங்கள் கருத்து. காரணம், நம் பாளையங்கள்! பேருந்தின் முகப்புப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ‘உக்கடம்’ என்று எழுத ஐந்து உருவங்கள் போதும். ‘பெரியநாயக்கன்பாளையம்’ என்று எழுதக் கொம்பு, கால் எல்லாம் சேர்த்துப் பதினாறு உருவங்கள் வேண்டும். பலகை இரண்டுக்கும் ஒன்றே. கவுண்டம்பாளையம், மேட்டுப்பாளையம், கோபிசெட்டிபாளையம் என்று எத்தனை ஊர்கள்! எழுத்தை ஒடுக்காமல் ஓட்டுநர் என்ன செய்வார்? ஒன்று ஒடுக்க வேண்டும், அல்லது ‘பெ.நா.பாளையம்’ என்றும் ‘கோபி’ என்றும் ஊரையே ஒடுக்க வேண்டும். இரண்டும் நடக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஈரோட்டில் பிறந்த பெரியார் 1935ல் தம் ‘குடி அரசு’ இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். 1978ல் தமிழக அரசு அவற்றுள் பதின்மூன்று எழுத்துகளின் மாற்றத்தை ஏற்றது. ணா, றா, னா முதலியவையும் ணை, லை, ளை, னை ஆகியவையும் அவற்றில் அடங்கும். அதற்கு முன் ‘ளை’ என்பது தும்பிக்கை தூக்கியதுபோல் ஒரே உருவமாக ஒட்டி நின்றது. மாற்றத்துக்குப் பின் முன்னே ஓர் உருவம், பின்னே ‘ள’ என்று இரண்டாகப் பிரிந்தது. அச்சுக்கோப்பவருக்கும் தட்டெழுத்தாளருக்கும் எவ்வளவோ சுலபம். கற்கும் சிறு குழந்தைக்கும் சுலபம். அப்புச்சியும் அதைப் புகழ்ந்தே பேசினார். ஆனால் கொங்கு நாட்டின் ஒவ்வொரு பாளையமும் அன்று ஓர் உருவம் நீண்டுபோயிற்று! இதை நாங்களாகக் கண்டுபிடித்தோம் என்பதில் எங்களுக்குச் சிறிது கர்வம் உண்டு.

சாய்வுக்கும் நல்ல வேலை இருக்கிறது. ஓடுகிறவர் உடல் முன்னோக்கிச் சாய்கிறது அல்லவா? நாம் இடமிருந்து வலமாகப் படிப்பதால், வலப்பக்கம் சாய்ந்த எழுத்து முன்னோக்கி ஓடுவதுபோல் தோன்றுகிறது. அதனால்தான் பந்தய வாகனங்களிலும், விளையாட்டுச் சட்டைகளிலும், ‘எக்ஸ்பிரஸ்’ என்ற சொல்லிலும் இதை விரும்புகிறார்கள். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் திடல் உள்ள ஊர் நம்முடையது. 2005ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இவ்வூர்க்காரரே. ஆகவே கோவைப் பிள்ளைகளுக்குச் சாய்வெழுத்து மேல் ஆசை வந்ததில் வியப்பில்லை. வேகமாக ஓடும் வண்டியின் பக்கத்தில் ஒரு பெயரும் ஓர் எண்ணும் மட்டும் போதும். அதை ஏற்கெனவே அறிந்தவர்களே பார்க்கிறார்கள். படிக்க வேண்டியதில்லை, அடையாளம் கண்டால் போதும். அப்பத்தாவுக்கோ எங்கள் பலகையைப் படிக்க வேண்டியிருந்தது.

நாங்கள் பார்த்தவரை கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் யாரும் ஒல்லிச் சாய்வை வைப்பதில்லை. துக்கத்துக்கு அவசரம் கூடாது என்று எழுதுகிறவர்களுக்கே தோன்றும்போலும். ரயில் நிலையத்தில் மஞ்சள் பலகையில் கறுப்பில் நிற்கும் ஊர்ப் பெயரும் நேராகத்தான் நிற்கிறது. ஓடுவது ரயில், ஊர் ஓடக்கூடாது.

பேருந்தைப் பற்றி ஒரு செய்தி விட்டுப்போயிற்று. எழுத்து வலப்பக்கம் சாய்கிறது என்றோம். பேருந்தின் வலப்புறத்தில் நின்று பார்த்தால் வண்டியின் முகம் நம் வலக்கைப் பக்கம் இருக்கும்; எழுத்தும் வண்டி போகும் திசையில் சாய்ந்திருக்கும். ஆனால் நாம் ஏறும் கதவு இடப்புறத்தில் அல்லவா உள்ளது? அங்கே நின்றால் வண்டியின் முகம் இடக்கைப் பக்கம். எழுத்தோ வழக்கம்போல் வலப்பக்கம், அதாவது பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். வண்டி ஒரு திசையில் ஓட, பெயர் வேறு திசையில் ஓடுகிறது. நம்பாதவர்கள் காந்திபுரத்தில் நின்று பார்க்கலாம். ஸ்டிக்கர் ஒட்டும் கடையில் ஓர் அண்ணனிடம் கேட்டோம். “அந்தப் பக்கம் மட்டும் திருப்பிச் சாய்ச்சா, வண்டி ரிவர்ஸ் வர்ற மாதிரி இருக்குதுன்னு சொல்லுவாங்க பாப்பா” என்றார்.

இக்காலத்தில் கணினி வந்துவிட்டது. எந்த எழுத்தையும் ஒரு பொத்தானை அழுத்தி ஒடுக்கலாம், இன்னொரு பொத்தானை அழுத்திச் சாய்க்கலாம். நகரத்து விளம்பரப் பலகைகளில் பாதி இவ்வாறு ஆனவையே. ஆனால் கணினி எழுத்தைப் பிழியும்போது அகலத்தை மட்டுமே பிழிகிறது. எழுபது பங்காகப் பிழிந்தால் நிற்கும் கோட்டின் தடிப்பும் எழுபது பங்காகிவிடும். படுத்த கோடு பழைய தடிப்பிலேயே இருக்கும். விளைவு, கால் மெலிந்து தலைப்பாகை பெருத்த மனிதரைப்போல எழுத்து தள்ளாடும். வட்டங்கள் முட்டையாகி, சாய்த்தவுடன் வீங்கக் கூடாத இடத்தில் வீங்கும். முறையாக வரைந்த ஒடுக்க எழுத்தில் இதையெல்லாம் கலைஞர் ஒவ்வோர் எழுத்தாகத் திருத்தியிருப்பார். 2022ல் மும்பையின் ‘ஏக் டைப்’ குழுவினர் வெளியிட்ட ‘அனேக் தமிழ்’ என்ற எழுத்துருவில் ஒடுங்கியது முதல் அகன்றது வரை பல அகலங்கள் உள்ளன. எங்கள் கணினி அறையில் அதன் ஒடுங்கிய ‘ண’வையும், நாங்களாகப் பிழிந்த ‘ண’வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதில் சுழிகளுக்குள் வெளிச்சம் இருந்தது. எங்களுடையதில் இல்லை.

ஓவிய ஆசிரியையின் யோசனைப்படி மைதானத்திலும் ஒரு சோதனை செய்தோம். ஒரே வாசகம், ஒரே உயரம், இரண்டு அட்டைகள். ஒன்று நேரான அகன்ற எழுத்து. மற்றொன்று எங்கள் பழைய ஒல்லிச் சாய்வு. எல்லைக்கோட்டிலிருந்து ஒவ்வொருத்தியாக நடந்து வந்து, படிக்க முடிந்த இடத்தில் ஒரு கல் வைக்க வேண்டும். வாசகம் முன்பே தெரிந்த எங்களைச் சேர்க்காமல் எட்டாம் வகுப்புத் தங்கைகளை அழைத்தோம். ஒருத்தி விடாமல் எல்லாருக்கும் ஒல்லிச் சாய்வின் கல்லே அட்டைக்கு அருகில் கிடந்தது. சிலருடைய கல் அட்டையின் காலடியில்!

பலகையோ மாறாது, அதே அகலம்தான். என்ன செய்வதென்று அப்புச்சியிடமே திரும்பப் போனோம். “எழுத்தை ஏனுங் அம்மிணி ஒடுக்கறீங்க? வார்த்தையைக் கொறைங்க. அடிபட்டு வர்றவங்களுக்குச் சங்கத்துப் பேரு எதுக்குங்க?” என்றார். நாற்பது ஆண்டு எழுத்துக் கோர்த்தவருக்கு அது ஒரு நொடி வேலையாக இருந்தது. நாங்கள் நான்கு வாரம் சுற்றினோம்.

பலகையைச் சுரண்டி, வெள்ளை பூசி, காயவிட்டு, ‘முதலுதவி’ என்று ஐந்தே எழுத்துகளை நேராக, தடிப்பாக, கறுப்பில் எழுதினோம். கீழே அறையைக் காட்டும் ஓர் அம்புக்குறி. அந்த அம்பை மட்டும் சற்றுச் சாய்த்துப் போட்டிருக்கிறோம், சிஸ்டர் அனுமதித்தார்கள்.